பிரெஞ்சு படிக்க வேண்டியது நீங்களா, உங்கள் தம்பியா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிராம்ப்டனில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

வயது 32. எம்.காம். படித்தவர். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடம் வேலை. கடைசி மூன்று வருடம் ஊழியர்களின் பேரோல் (சம்பளக் கணக்கு) முழுக்க இவர் பொறுப்பில் இருந்தது. கணவர் ஐ.டி. துறை. அவருடைய விண்ணப்பத்தில் குடும்பத்துக்கே பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து, பத்து மாதத்துக்கு முன் வந்திறங்கினார்கள். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு வேலை அமைந்துவிட்டது. இவரோ நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டும் இரண்டே இன்டர்வியூதான் வந்தது. இப்போது ஒரு வேர்ஹவுஸில் மாலை ஷிப்டில் பேக்கிங் வேலை பார்க்கிறார்.

அதே வீட்டு பேஸ்மென்டில் தம்பி இருக்கிறார். 27 வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒன்டாரியோவில் கல்லூரி முடித்து வேர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறார். அடுத்த வருட நடுவில் பெர்மிட் முடிகிறது. மதிப்பெண் பார்த்து பி.ஆர்.க்கு ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அவருடைய ஸ்கோர் 462.

"பிரெஞ்சு படித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆளே இல்லை" என்று எழுதுகிறார் வாசகி. ஒரு கோச்சிங் சென்டர் ஆறு மாதத்தில் பி2 லெவல் (சரளமாகப் பேசும் அளவு) 'கியாரண்டி', முடித்ததும் வேலையும் வாங்கித் தருகிறோம் என்கிறது. ஆளுக்கு 2,800 டாலர். இருவரும் சேர்ந்தால் 5,000. மாதக் கடைசிக்குள் 500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். ஊரில் லாக்கரில் உள்ள நகையை அடகு வைக்க அம்மாவிடம் பேசியாகிவிட்டது. "நான் ப்ளஸ் டூவில் பிரெஞ்சுதான் எடுத்தேன், 200க்கு 191. எனக்குச் சுலபமாக வந்துவிடும் அல்லவா? இரண்டு மொழியும் தெரிந்தால் கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமாமே? இல்லை, பேசாமல் மான்ட்ரியலுக்கே போய்விடலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரெஞ்சு படித்தால் கனடாவில் நிரந்தரமாகத் தங்க வழி பிறக்குமா என்பது ஒன்று. படித்தால் வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. யூடியூபில் பிரெஞ்சு பிரெஞ்சு என்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள். கேட்கிற நாம்தான் இரண்டாவதுக்கும் அதே பதில் என்று எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் கையில் பி.ஆர். அட்டை இருக்கிறது. குடியேற்றத்தில் பிரெஞ்சுக்குக் கிடைக்கும் சலுகை மதிப்பெண்ணால் உங்களுக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை. தம்பிக்கோ அது பெரிய விஷயம். ஆகவே ஒரே வீட்டில் இருக்கும் உங்கள் இருவருக்கும் என் பதில் ஒன்றாக இருக்காது. தம்பி உடனே ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் படிக்கலாம், ஆனால் முதல் வேலையாக அல்ல, கடன் வாங்கியும் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

வேலைச் சந்தையில் பிரெஞ்சின் விலை

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்கு வெளியே ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசத் தெரிந்தவர்கள் 9.5 சதவீதம்தான். கியூபெக்கில் 46.4 சதவீதம். இந்த 9.5-ஐப் பார்த்ததும் 'ஆள் பற்றாக்குறை, நமக்கு வாய்ப்பு' என்று தோன்றும். அதில் பாதி உண்மை. அந்த 9.5-க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒட்டாவா, சட்பரி பக்கம் வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்கள். சின்ன வகுப்பிலிருந்தே பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் இம்மர்ஷன் வகுப்பில் படித்த பிள்ளைகள். கேமரூன், மொராக்கோ, அல்ஜீரியாவிலிருந்து பிரெஞ்சோடு வந்து இறங்குகிற புதியவர்கள். டொராண்டோவில் ஒரு பைலிங்குவல் கஸ்டமர் சர்வீஸ் வேலைக்கு உங்களோடு போட்டி போடப் போவது இவர்கள்தான்.

அந்த இன்டர்வியூ எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் போன் வரும். பெயர், அனுபவம், எப்போது சேர முடியும் என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். திடீரென்று, முன்னறிவிப்பே இல்லாமல், "பார்லே-முவா த வோத்ர தெர்னியே ஆம்ப்ளுவா" என்று மாறிவிடுவார்கள். கடைசியாகப் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அடுத்த சில நிமிடம் பேச்சு பிரெஞ்சிலேயே ஓட வேண்டும். பில்லில் தவறு இருப்பதாகக் கோபப்படும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். ஒரு கணக்கு எண்ணைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லலாம். பிரெஞ்சில் 97 என்பது 'நான்கு இருபது பதினேழு'. 'கத்ர-வேன்' என்று காதில் விழுந்ததும் 80 என்று எழுதிவிட்டால், 'தீசெத்' வந்ததும் அடித்துவிட்டு 97 என்று எழுத வேண்டும். அதற்குள் அவர் அடுத்த எண்ணுக்குப் போயிருப்பார். நோட்டில் நன்றாகப் பிரெஞ்சு எழுதுகிற பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இங்கே அரைகுறை ஆங்கிலத்துக்கு வேலை உண்டு. உங்கள் வேர்ஹவுஸிலேயே பார்த்திருப்பீர்கள். அரைகுறை பிரெஞ்சுக்கு ஒன்டாரியோவில் வேலை கிடையாது. பி2-க்கு முந்தைய ஏ2, பி1 லெவல் வரை வந்து நின்றுவிட்டால் ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். விளம்பரத்தில் 'பைலிங்குவல் ரிக்வயர்டு' என்று இருந்தால் பிரெஞ்சிலேயே ஒரு நாள் முழுக்க வேலை பார்க்கிற ஆள் வேண்டும் என்று பொருள். 'அசெட்' என்று இருந்தால், மற்ற எல்லாத் தகுதியும் சமமாக இருக்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அது கணக்கில் வரும். முன்னதற்கு இப்போது உங்களால் முடியாது. பின்னதில் உங்களைத் தடுப்பது பிரெஞ்சு அல்ல.

அப்புறம் சம்பளம். நான் பார்க்கிற விளம்பரங்களில், சாதாரண கால் சென்டர் வேலையில் பிரெஞ்சுக்காகக் கிடைக்கும் கூடுதல் தொகை மணிக்கு ஒன்றிரண்டு டாலர். வேண்டாம் என்று சொல்கிற தொகை இல்லைதான். ஆனால் எம்.காம். படித்து ஏழு வருடம் கணக்கு பார்த்தவர் அதற்காக ஒரு வருடத்துக்கு மேல் செலவழித்து, தன் துறையை விட்டு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் பிரெஞ்சு எங்கே காசாகும்

மொழி தனியாக நின்றால் விலை குறைவு. ஒரு தொழிலோடு சேர்ந்தால் கதையே வேறு. உங்கள் விஷயத்தில் அந்தத் தொழில் கையிலேயே இருக்கிறது. பேரோல்.

கனடாவில் ஒன்பது மாகாணங்களில் பேரோல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஓய்வூதியத்துக்கு சி.பி.பி., வேலையிழப்புக் காப்பீட்டுக்கு ஈ.ஐ., வருமான வரி எல்லாம் பிடித்து மத்திய வரித்துறையான சி.ஆர்.ஏ.வுக்குக் கட்டி, பிப்ரவரிக் கடைசிக்குள் டி-4 என்ற வருடச் சம்பளப் படிவத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கியூபெக் மட்டும் தனி ராஜ்ஜியம். சி.பி.பி.க்குப் பதிலாக கியூ.பி.பி. பிரசவ, பெற்றோர் விடுப்புக்கென்று கியூ.பி.ஐ.பி. என்ற தனித் திட்டம். மாகாண வருமான வரி நேராக ரெவென்யூ கியூபெக்குக்குப் போகும். டி-4 போதாது, ரெலெவே-1 என்ற இன்னொரு படிவமும் தர வேண்டும். அதோடு, கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனப்படி (1977-இல் வந்தது, 2022-இல் இன்னும் இறுக்கினார்கள்) நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எழுத்தில் அனுப்புவது பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். 2025 ஜூன் 1 முதல் 25 முதல் 49 பேர் வேலை செய்யும் நிறுவனங்களும் அங்குள்ள பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியவை ஆகிவிட்டன.

இப்போது பக்கத்து மிஸ்ஸிசாகாவில் தலைமை அலுவலகமும், கியூபெக்கின் மான்ட்ரியலில் ஒரு கிளையும் வைத்திருக்கும் நிறுவனத்தை யோசித்துப் பாருங்கள். அங்கிருந்து ஒருவர் "என் ரெலெவேயில் தொகை தப்பாக இருக்கிறது" என்று பிரெஞ்சில் மெயில் அனுப்பினால் யார் பதில் சொல்வது? பேரோலும் தெரிந்து, பிரெஞ்சில் பதில் எழுதவும் தெரிந்த ஆள் அந்த அலுவலகத்துக்குச் சுலபத்தில் கிடைக்க மாட்டார். கேமரூனிலிருந்து வந்தவருக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் உங்கள் ஏழு வருட அனுபவம் அவரிடம் இருக்காது. வங்கியிலும் இன்சூரன்ஸிலும் கியூபெக் கிளைகளைப் பார்க்கிற பின்னலுவலகப் பிரிவுகளில் இதே நிலைதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கனடிய பேரோல். நேஷனல் பேரோல் இன்ஸ்டிடியூட் நடத்தும் பேரோல் கம்ப்ளையன்ஸ் சான்றிதழுக்கான பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிக்கலாம். முதல் பாடத்தை முடித்ததுமே ரெஸ்யூமேயில் போட்டு, பேரோல் கிளார்க், அக்கவுன்ட்ஸ் பேயபிள் வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். குவிக்புக்ஸ் என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரியாது என்றால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள். மாகாண அரசின் எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ அலுவலகங்களில் ரெஸ்யூமே திருத்துவது முதல் இன்டர்வியூ பயிற்சி வரை இலவசம். நூறு விண்ணப்பத்துக்கு இரண்டு இன்டர்வியூ என்றால் பழுது ரெஸ்யூமேயில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்னை ரெஸ்யூமேயை அப்படியே அனுப்புகிறீர்களா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஃபார்ம் 16 என்று எழுதியிருந்தால் இங்கே படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள், மாதம் எத்தனை முறை, எந்த சாஃப்ட்வேரில் என்று எழுதினால் புரியும்.

'எல்லோரும் கனடிய அனுபவம் கேட்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. சம்பள வரம்பையும் விளம்பரத்தில் சொல்லியாக வேண்டும். மீறினால் மாகாணத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய்யலாம். ஆனால் சட்டத்தால் விளம்பரத்தைத்தான் கட்டுப்படுத்த முடியும், தேர்வு செய்கிறவரின் மனதை அல்ல. அதனால் சிறிய அலுவலகத்தில் பகுதிநேர புக்கீப்பிங் கிடைத்தால்கூட, பேக்கிங் ஷிப்டைக் குறைத்துக்கொண்டு அதில் சேருங்கள்.

அந்த 191 மதிப்பெண்

ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழில் 200க்கு 180 வாங்கவே கஷ்டப்பட வேண்டும், பிரெஞ்சு என்றால் அள்ளிப் போடுவார்கள், கட்-ஆஃபுக்குத் தொல்லை இல்லாமல் மொத்தம் ஏறும். வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து, இரண்டு கடிதம், ஒரு பத்தி மொழிபெயர்ப்பு எழுதினால் முடிந்தது. அந்த இரண்டு வருடத்தில் பிரெஞ்சில் வாய் திறந்து பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறுமா?

அது வீண் என்று சொல்லவில்லை. எழுத்தைப் பார்த்தால் பயம் இருக்காது, ஆண்பால் பெண்பால் குழப்பம் புதிதாக இருக்காது. ஆரம்ப வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாகப் போவீர்கள். ஆனால் அதை வைத்துப் பாதி தூரம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கியூபெக் காரர்கள் 'எனக்குத் தெரியாது' என்பதைப் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி நான்கு சொல்லாகச் சொல்ல மாட்டார்கள், 'ஷே பா' என்று விழுங்கிவிடுவார்கள். காதுப் பயிற்சி உங்களுக்கு ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம்.

பூஜ்யத்திலிருந்து பி2 அளவுக்கு வர ஏறக்குறைய 600 முதல் 700 மணி நேரப் படிப்பு தேவை என்பது மொழி ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 650 என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் முடிக்க வாரத்துக்கு 25 மணி நேரம் வேண்டும். மாலை ஷிப்ட், நான்கு வயதுக் குழந்தை, சமையல் இவற்றுக்கு நடுவே 25 மணி நேரம் எங்கிருந்து வரும்? பத்து மணி நேரம்தான் முடியும் என்றால் ஒன்றே கால் வருடம். உங்கள் பழைய படிப்பால் சில வாரம் குறையலாம்.

படிக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பி.ஆர். வைத்திருப்பவருக்கு மத்திய அரசின் செலவில் மொழி வகுப்பு உண்டு. ஆங்கிலத்துக்கு லின்க் என்பதுபோல் பிரெஞ்சுக்கு கிளிக் என்று பெயர். முதலில் உங்கள் லெவலைச் சோதித்துவிட்டு வகுப்பில் சேர்ப்பார்கள், ஆன்லைனிலும் உண்டு. கட்டணம் கிடையாது. ஒரு நிபந்தனையை மறக்காதீர்கள்: குடியுரிமை வாங்கியதும் இந்தத் தகுதி போய்விடும். அதனால் பாஸ்போர்ட் வாங்குவதற்கு முன்பே இதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

கடிதத்தின் ஓரத்தில் பாரீஸில் பெரியம்மா மகள் இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த அக்காவோடு வாரம் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் பிரெஞ்சில் மட்டும் பேசுங்கள். முதலில் சிரிப்பாக இருக்கும், அவரும் பொறுமை இழந்து தமிழுக்குத் தாவுவார். விடாதீர்கள். மான்ட்ரியல் உச்சரிப்புக்கு ரேடியோ-கனடா செய்தியைக் கேளுங்கள்.

கவர்ன்மென்ட் வேலையும் மான்ட்ரியலும்

மத்திய அரசுப் பதவிகளில் பத்துக்கு நான்கு வரை இருமொழிப் பதவிகள் என்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஒட்டாவா, காட்டினோ, மான்ட்ரியல் வட்டாரத்தில். டொராண்டோ பக்கத்தில் உள்ளவற்றில் அதிகமும் ஆங்கிலம் போதும் என்ற பதவிகள். இருமொழிப் பதவிக்கு அரசே வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் தேர்வு வைக்கும். கோச்சிங் சென்டர் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. இருமொழிக்காகத் தரும் போனஸ் வருடத்துக்கு 800 டாலர், அதுவும் வரிக்கு முன். 1977-இல் வைத்த தொகை, இன்னும் ஏறவில்லை. இப்போது மத்திய அரசு ஆள் குறைக்கிற காலம் வேறு. நல்ல செய்தி என்றால், 2021-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து வெளியாட்களை எடுக்கும் தேர்வுகளில் குடிமக்களுக்கு உள்ள முன்னுரிமை பி.ஆர். உள்ளவர்களுக்கும் உண்டு. ஆங்கிலம் மட்டும் போதும் என்ற பதவிகளுக்கு நீங்கள் இன்றே விண்ணப்பிக்கலாம். ஒன்டாரியோ மாகாண அரசையும் பாருங்கள். 1986-ஆம் வருடச் சட்டப்படி பிரெஞ்சில் சேவை தர வேண்டிய பகுதிகளில் உங்கள் பிராம்ப்டனும் ஒன்று.

மான்ட்ரியல் விஷயம். பி.ஆர். உள்ளவர் எந்த மாகாணத்துக்கும் போய் வேலை பார்க்கலாம், அது உங்கள் உரிமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ஒன்டாரியோவில் பிரெஞ்சு கூடுதல் தகுதி, கியூபெக்கில் அதுதான் அடிப்படைத் தகுதி. ஆங்கிலத்தை மட்டும் வைத்து அங்கே கணக்குத் துறையில் வேலை தேடினால் இங்கு படும் பாடு இரட்டிப்பாகும். உங்கள் பெண் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வழியில்தான் படிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கில வழியில் தொடக்கப் பள்ளிப் படிப்பு படித்திருந்தால்தான் பொதுவாக விலக்கு. அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன், நான்கு வயதுக் குழந்தை ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்வாள். கஷ்டப்படப் போவது நீங்கள் இருவரும். இங்கே கணவருக்கு ஒரு வேலை நிலைத்திருக்கும்போது வாடகை குறைவு என்பதற்காக மட்டும் கிளம்பாதீர்கள்.

தம்பிக்கு

இனி தம்பி. நான் வேலைவாய்ப்பு ஆலோசகர், குடியேற்ற ஆலோசகர் அல்ல. அதனால் பொதுவில் எல்லோருக்கும் தெரிந்த விதிகளை மட்டும் சொல்கிறேன். விண்ணப்பம் என்று வரும்போது, உரிமம் உள்ள ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பார்க்கட்டும். குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் 'காலேஜ்' என்ற அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு நான்கிலும் பிரெஞ்சில் என்.சி.எல்.சி. (கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோல்) 7 வந்து, ஆங்கிலமும் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 50 மதிப்பெண் கூடுதல். இரண்டாவது மொழிக்காகத் தனியாக, 7-ஆம் லெவலில் நான்குக்கும் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. ஆக 462 என்பது 524 ஆகும். அதைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று. 2023-லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி டிரா, அதாவது ஸ்கோர்படி ஆட்களை விண்ணப்பிக்க அழைக்கும் சுற்று, நடக்கிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் கனடிய அனுபவப் பிரிவு டிராவின் கட்-ஆஃப் 521. அடுத்த மாதம், மார்ச் 21-இல் நடந்த பிரெஞ்சு டிராவில் 7,500 பேரைக் கூப்பிட்டார்கள், கட்-ஆஃப் 379. வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த எண்கள் டிராவுக்கு டிரா மாறும், எந்தப் பிரிவு தொடரும் என்பதும் அமைச்சர் கையில். இருந்தாலும் அவர் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

நான்கில் ஒன்று 6-இல் நின்றாலும் அந்த 50-ம் போச்சு, தனி டிராவும் போச்சு. டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வில் எழுத்திலும் பேச்சிலும் 20க்கு 10 வேண்டும், கேட்டலில் 458, வாசிப்பில் 453. குடியேற்றத்துக்கு டி.சி.எஃப். கனடா, டி.இ.எஃப். கனடா இரண்டு மட்டுமே செல்லும். டெல்ஃப் என்ற பொதுவான பிரெஞ்சுத் தேர்வு செல்லாது. உங்கள் கோச்சிங் சென்டர் விளம்பரத்தில் 'டெல்ஃப் பி2' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், தம்பிக்கு அது உதவாது. வேலைக்குக் காட்ட டெல்ஃப் நல்ல சான்றிதழ்தான், அதற்குக் காலாவதியும் இல்லை. மற்ற இரண்டின் முடிவும் இரண்டு வருடம்தான் செல்லும்.

நேரம் போதாமல் போனால் இன்னொரு வழியும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான மொபிலிதே ஃபிராங்கோஃபோன் என்ற வேர்க் பெர்மிட். கேட்டலிலும் பேச்சிலும் மட்டும் என்.சி.எல்.சி. 5 இருந்தால் போதும். கியூபெக்குக்கு வெளியே வேலை தருபவர் ஒருவர் வேண்டும், ஆனால் அந்த வேலை பிரெஞ்சில் நடக்க வேண்டிய அவசியமில்லை. எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) தேவையில்லை. தற்போதைய முதலாளியே ஒத்துக்கொண்டால், 7-க்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே நாட்டில் தங்கி வேலை பார்க்க இது கைகொடுக்கலாம். முதலாளியிடம் இப்போதே பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வேர்க் பெர்மிட்டில் இருப்பதால் கிளிக் வகுப்பு அவருக்குக் கிடைக்காது. காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். வீட்டில் செலவழிக்க இருக்கும் பணம் அவருக்குப் போகட்டும்.

கோச்சிங் சென்டரில் கேட்க வேண்டியவை

மொழித் தேர்வில் யாரும் 'கியாரண்டி' தர முடியாது. தோற்றால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். 'மறுபடி வகுப்பில் உட்காரலாம்' என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். பணம் திரும்ப வருமா, எத்தனை வாரத்துக்குள் விலகினால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பேச்சுப் பயிற்சிக்கு ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். முப்பது பேரை ஜூமில் உட்கார வைத்து இலக்கணம் நடத்தினால் அது உங்கள் ப்ளஸ் டூ வகுப்புதான்.

வேலை வாங்கித் தருகிறோம் என்பதற்காகத் தனியாகப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். ஒன்டாரியோவில் தற்காலிக வேலை ஏஜென்சிகள் வேலை தேடித் தருவதற்கென்று தொழிலாளியிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டுக்கு வந்து பேசிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் என்றால், 50 டாலருக்கு மேற்பட்டதை 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். நீங்களாக அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் இந்தச் சலுகை வராது, அதனால் அங்கே அவசரப்பட வேண்டாம்.

மாதக் கடைசி என்ற கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அடுத்த மாதமும் அவர்கள் ஆள் சேர்ப்பார்கள். இரண்டு பேருக்கு 5,000 என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள், அடகுக் கடைக்கும் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தம்பி இரண்டு மூன்று இடங்களில் டெமோ வகுப்பு கேட்டு, டி.சி.எஃப். அல்லது டி.இ.எஃப். தேர்வுக்கென்றே நடத்துகிற இடமாகப் பார்த்துச் சேரட்டும். தேர்வு மையங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முடிவு வரவும் சில வாரம் ஆகும். பெர்மிட் முடியும் தேதியிலிருந்து நான்கைந்து மாதம் பின்னோக்கி எண்ணி, முதல் தேர்வுக்கான தேதியை இந்த மாதமே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். தவறினால் இன்னொரு முறை எழுத அப்போதுதான் நேரம் இருக்கும்.